ரன்-ஃப்ளாட் டயரைக் கழற்றுவதற்கு முன்

சொகுசுக் கார்களோடு வரும், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர்களை எடுத்துவிட்டுச் சாதாரண டியூப்லெஸ் டயர்களைப் போடலாமா என்று கேட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கங்களிலிருந்து சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதால், அவற்றில் ஆறு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 2018 மாடல் ஜெர்மன் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. வாரத்தில் நான்கு நாட்கள் கோவைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் போய்வருகிறேன். இதுவரை இரண்டு டயர்கள் பக்கவாட்டில் வீங்கிப் போய் மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஒரு ரிம்மிலும் விரிசல் விழுந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். சாதாரண டயர் போட்டால் வண்டி மெத்தென்று ஓடும் என்கிறார் டயர் கடைக்காரர். அப்படி மாற்றினால் சென்சார் வேலை செய்யாது, இன்சூரன்ஸும் கிடைக்காது என்கிறார் என் மாமா. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: டயர் கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் மாமாவின் அச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை. எனினும், அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள் என்பதே அது.

சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். காற்று இறங்கிவிட்டால் பக்கச்சுவர் மடிந்து, ரிம்மின் விளிம்பு தரையில் உட்கார்ந்துவிடும். ரன்-ஃப்ளாட் டயரில் அந்தப் பக்கச்சுவருக்குள் கெட்டியான ரப்பர் பட்டை ஒன்றைக் கூடுதலாக வைத்து, காற்று முழுவதும் போன பிறகும் சுவரே வண்டியைச் சுமக்கும்படி செய்திருக்கிறார்கள். அந்த நிலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. 1997-இல் வந்த அமெரிக்காவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், இந்த வகை டயரை நம்பித்தான் ஸ்டெப்னியையே விட்டுவிட்டு வந்தது. அதன் பிறகு பி.எம்.டபிள்யூ, மினி முதலிய கார்களின் வழியாக இது பரவலாயிற்று. பிரிட்ஜ்ஸ்டோன் இதனை ஆர்.எஃப்.டி. என்றும், மிஷலின் இசட்.பி. என்றும், கான்டினென்டல் எஸ்.எஸ்.ஆர். என்றும், குட்இயர் ஆர்.ஓ.எஃப். என்றும் டயரின் பக்கவாட்டில் அச்சிடுகின்றன. பி.எம்.டபிள்யூவுக்கென்று செய்யப்பட்டவற்றில் ஒரு நட்சத்திரக் குறியும், மெர்சிடிஸுக்கென்று செய்யப்பட்ட ரன்-ஃப்ளாட்டில் எம்.ஓ.இ. என்ற எழுத்துகளும் இருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது ரன்-ஃப்ளாட்தானா என்பதை முதலில் இந்த எழுத்துகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றிவிட்ட வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். டயரில் காற்றே இல்லாவிட்டாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாங்கியவர் நம்பிக்கொண்டிருப்பார்.

பாரத்தைத் தாங்கும் அந்தக் கெட்டிச் சுவர்தான் உங்கள் தொல்லைகளுக்கும் காரணம். குழியின் கூர்மையான விளிம்பில் சக்கரம் மோதும்போது சுவர் வளைந்து கொடுப்பதில்லை. அதனால் அந்த அடி அப்படியே ரிம்முக்கும், ரிம்மிலிருந்து சஸ்பென்ஷனுக்கும், அங்கிருந்து அப்பாவின் இடுப்புக்கும் போய்ச் சேருகிறது. மோதும் நொடியில் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் சில அறுந்துவிட்டால், அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளி எலுமிச்சம்பழம் போல ஒரு குமிழை உண்டாக்கும். அப்படிக் குமிழ் விழுந்த டயரை ஒட்டவோ தைக்கவோ வழியில்லை. மாற்றியே ஆக வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன தெருக்களில் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆகவே மாற்றுவதில் நியாயம் உண்டு. மாற்றினால் வண்டியின் மென்மை கூடும், சக்கரத்தின் எடை குறையும், சத்தமும் சற்றுக் குறையும். அடுத்த டயர் வாங்கும்போது விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். 2020 ஜூன் மாதம் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு உரிமம் பெற்றே செய்ய வேண்டிய கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, சில அளவு ரன்-ஃப்ளாட் டயர்களுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். சாதாரண டயரில் கூடுதலான அளவுகளும் கம்பெனிகளும் கிடைக்கின்றன.

ஆனால் குமிழ் விழுவது அடியோடு நின்றுவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் 18 அங்குல ரிம் இருந்தால், சுவரின் உயரம் குறைவு என்பதே பாதிக் காரணம். 225/45 ஆர் 18 அளவில் சுவரின் உயரம் ஏறத்தாழ 101 மில்லிமீட்டர். அதே வண்டிக்கு 225/50 ஆர் 17 அளவையும் உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் அதில் 112 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். சக்கரத்தின் மொத்த விட்டத்தில் வேறுபாடு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் வேகமானியும் ஏமாற்றாது. விரிசல் கண்ட ரிம்முக்குப் பதில் வாங்க வேண்டிய நிலையில் இருக்கிற நீங்கள், ஒரு ரிம்மை வாங்குவதைவிட 17 அங்குல ரிம்களாக நான்கையும் விசாரிப்பது நல்லது. எந்தெந்த அளவுகள் அனுமதிக்கப்பட்டவை என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும்.

ரிம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரன்-ஃப்ளாட்டுக்கான ரிம்மில், காற்றிறங்கிய டயர் நழுவி விழாமல் இருப்பதற்காக உள்வளைவில் மேடு சற்று உயரமாக இருக்கும். ரிம்மின் உட்புறத்தில் இ.ஹெச்.2 என்ற குறியைக் காணலாம். அதே ரிம்மில் சாதாரண டயரைத் தாராளமாகப் பூட்டலாம். சாதாரண ரிம்மில் ரன்-ஃப்ளாட்டைப் பூட்டுவதுதான் கூடாது.

டயரை வாங்கும்போது அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், அளவை அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 94 டபிள்யூ என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், மணிக்கு 270 கி.மீ. வேகம் வரை ஈடுகொடுக்கும் என்று பொருள். அந்த வேகத்தில் நம் ஊரில் யார் போகப் போகிறார்கள் என்று சொல்லி, 91 வி போட்ட டயரைக் கொஞ்சம் விலை குறைத்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 91 என்பது 615 கிலோதான்; சித்திரை வெயிலில் குடும்பத்தோடு சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகும்போது சுமையும் சூடும் சேர்ந்துதான் டயரைப் பதம்பார்க்கின்றன. கையேட்டில் உள்ள எண்ணுக்கும் எழுத்துக்கும் குறைந்த எதையும் ஏற்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். தயாரித்த தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். சில வண்டிகளில் முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அகலத்தில் இருக்கும். கடையில் அதைக் கவனிக்காமல் நான்கையும் ஒரே அளவில் எடுத்துவிடக் கூடாது.

இனி உங்கள் மாமாவின் கேள்விகளுக்கு வருகிறேன். காற்றழுத்த எச்சரிக்கை இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்தின் வால்வோடும் ஒரு சிறு சென்சார் இருக்கும். மற்றொன்றில் சென்சாரே கிடையாது: காற்றுக் குறைந்த சக்கரத்தின் ஆரம் சிறுத்து, அது மற்றச் சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழல்வதை ஏ.பி.எஸ். பிரேக் கருவி கண்டுபிடித்துச் சொல்லும். இரண்டுமே சாதாரண டயரிலும் வேலை செய்யும். முதல் வகையாக இருந்தால், டயரைக் கழற்றும் மெஷினின் நாக்கு வால்வுக்கு அருகில் இறங்கிச் சென்சாரை உடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும், புது டயர்களில் ஸ்டிக்கரில் சொன்னபடி காற்றடித்த பிறகு, திரையில் உள்ள மெனுவில் போய் டயர் அழுத்தத்தை ரீசெட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான், டயரை மாற்றியதிலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, நம் நாட்டின் வழக்கமான கார் பாலிசியில் டயருக்கு மட்டும் ஏற்படும் சேதம் முதலிலிருந்தே சேராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதப்பட்டால்தான் டயருக்கு இழப்பீடு கிடைக்கும், அதுவும் மாற்றும் செலவில் பாதிதான். டயருக்கென்று தனிக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். டயர் வகையை மாற்றப்போவதாகக் கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்திவிட்டால் பிறகு வாதத்துக்கு இடமிருக்காது. வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் டீலரிடமும் இதையே எழுத்தில் கேளுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். ரன்-ஃப்ளாட்டைக் கழற்றுகிறபோது டயரோடு சேர்த்து உங்கள் ஸ்டெப்னியையும் கழற்றிவிடுகிறீர்கள். அந்த நான்கு டயர்களுக்குள்தான் ஐந்தாவது சக்கரம் ஒளிந்திருந்தது. காங்கேயத்துக்கு அப்பால் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களின் ஓரமாகப் போகும் இட்டேரிகளில், அந்த வேலியோர வண்டிப்பாதைகளில், வெள்வேல முள் எப்படிக் கிடக்கும் என்பது தோட்டக்காரரான உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே காற்று இறங்கிவிட்டால் பஞ்சர் கடைக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்பதை டயரை மாற்றும் முன்னரே யோசித்துவிட வேண்டும். குறைந்தபட்சம் 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின் ஒன்றும், பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்றும், முள்ளைப் பிடுங்கக் குறடு ஒன்றும் டிக்கியில் இருக்க வேண்டும்; முடிந்தால் ஸ்டெப்னியும் வேண்டும். 3.5 டன் வரையுள்ள வண்டிகளில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அந்த விலக்கு கிட் வைத்திருப்பவருக்கே பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறோம். எங்களுக்கு வால்பாறையில் சிறிய காபித் தோட்டம் உண்டு. மாதம் இருமுறை சொகுசு எஸ்.யூ.வி.யில் ஏறி இறங்குகிறோம். மலைப்பாதையில் எந்த டயர் நல்லது? சாதாரண டயருக்கு மாறினால் ஸ்டெப்னியை எங்கே வைப்பது? டிக்கியில் அதற்கென்று பள்ளமே இல்லையே.
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே சுமார் 65 கி.மீ. தூரம். ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ரன்-ஃப்ளாட் 80 கி.மீ. தாங்கும் என்றால் வால்பாறையில் பஞ்சரானாலும் பொள்ளாச்சி வந்துவிடலாம் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் அந்த 80 கி.மீ. மலைப்பாதையை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு அன்று. முழுச் சுமையோடு இறங்கும்போது முன் சக்கரங்களின்மேல் பாரம் அழுந்துகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கச் சுவர் நசுங்கி நிமிர்கிறது. அந்த அசைவில் உண்டாகும் சூடுதான் சுவரை அழிக்கிறது. எனவே அந்தத் தூரத்தைப் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு, பத்திரமாக நிறுத்தக்கூடிய இடம் வரை போவதற்கான வசதி என்று மட்டும் கருதுங்கள். அதுவே பெரிய வசதிதான். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் வளைவில், பனிமூட்டத்தில், பின்னால் பேருந்து வரும்போது ஜாக்கி போட்டு உட்கார வேண்டியதில்லை.

இந்த ஒரு காரணத்தால் உங்களை மாற்றச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மாற்றுவதாகவே முடிவு செய்தால், ஸ்டெப்னி இல்லாமல் அந்த மலையில் ஏறாதீர்கள். பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் எந்தக் கிட்டும் உதவாது.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் உருவாக்கிய உபரிச் சக்கரம் அந்தத் தெருவின் பெயரோடு விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் லாரி கிளீனர் முதல் கலெக்டர் வரை எல்லார் வாயிலும் அந்தத் தெருவின் பெயர்தான் வழங்குகிறது.

பள்ளம் இல்லாத டிக்கியில் மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியைத் தரைமேல் படுக்க வைத்து, டிக்கியில் இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாமல் சும்மா வைத்தால் திடீர் பிரேக்கில் அது உள்ளே பாயும். வாங்கும் முன் முன் சக்கரத்தில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பெரிய பிரேக் காலிப்பர் உள்ள வண்டிகளில் சிறிய ஸ்டெப்னி இடித்துக்கொண்டு உட்காராது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் நட்டுக்குப் பதில் போல்ட்தான். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் போல்ட்டின் நீளமும் தலையின் வடிவும் வேறாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் கேட்டு வாங்குங்கள். திருடாமல் இருப்பதற்காகப் போட்டிருக்கும் லாக் போல்ட்டின் சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வீட்டு அலமாரியில் இருந்தால் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. ஜாக்கியும் பல வண்டிகளில் கம்பெனியிலிருந்து வருவதில்லை. கதவுக்கு அடியிலுள்ள ரப்பர்த் தாங்கிக்குப் பொருந்தும் ஜாக்கியும், அதன் கீழே வைக்க ஓர் அடிப் பலகையும் வேண்டும். மழை பெய்த தோட்டத்து மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கியைத் திருகினால், வண்டி ஏறாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். மெல்லிய ஸ்டெப்னிக்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், மாதம் ஒருமுறை அதையும் பார்த்து வையுங்கள். அதைப் பூட்டிக்கொண்டு மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால், அளவு மாறிய சக்கரத்தோடு நெடுந்தூரம் ஓட்டுவது கியர்ப் பெட்டியை அடுத்த பாகங்களைக் கெடுக்கும். அடிவாரத்துப் பஞ்சர் கடையிலேயே பழைய சக்கரத்தை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் பெருந்துறையில் மருத்துவராக இருக்கிறாள். இரவுப் பணி முடிந்து தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு வருவாள். வண்டி குலுங்குகிறது என்று சொல்லி ரன்-ஃப்ளாட்டை மாற்ற நினைக்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் யோசனை என்ன?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அவள் போய்வரும் தூரம் முழுவதும் ரன்-ஃப்ளாட்டின் வரம்புக்குள் அடங்குகிறது. இரவு இரண்டு மணிக்குக் காற்று இறங்கினாலும் வண்டியை விட்டு இறங்காமல் வேகத்தைக் குறைத்து நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். இந்த டயரின் கூடுதல் விலைக்கு முழுப் பயன் பெறுகிறவர்கள் இப்படி ஓட்டுகிறவர்களே. குலுக்கலைக் குறைக்க வேறு வழிகள் உள்ளன. காற்று கூடுதலாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல பெட்ரோல் பங்க்குகளில் எந்த வண்டி வந்தாலும் ஒரே அளவில் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்தாலே வேறுபாடு தெரியும். டயர் பழையதாகி ரப்பர் இறுகியிருந்தால், அண்மையில் வந்த ரன்-ஃப்ளாட் மாடல்கள் முந்தியவற்றைவிட மென்மையாக இருக்கின்றன; அடுத்த முறை அவற்றைப் போடலாம். காற்றழுத்த விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யக் கூடாது என்று மட்டும் அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ரன்-ஃப்ளாட்டில் காற்றிறங்கியது பார்வைக்கும் தெரியாது, ஸ்டீயரிங்கிலும் அவ்வளவாகத் தெரியாது. அந்த விளக்கு ஒன்றுதான் சொல்லும்.

கேள்வி: நாமக்கல்லில் லாரித் தொழிலில் இருக்கிறேன். என் காரின் பின் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. முன் டயர்களில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, இன்னும் பாதி இருக்கிறது. பின்னால் மட்டும் சாதாரண டயர் போட்டு, முன் ரன்-ஃப்ளாட் தேய்ந்த பிறகு அவற்றை மாற்றலாமா? லாரியில் இப்படித்தானே செய்கிறோம்.
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: செய்யாதீர்கள். டயர் பற்றி நாமக்கல்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் இந்தக் காரின் கணக்கு வேறு. முன்னால் இறுகிய சுவரும் பின்னால் நெகிழ்ந்த சுவரும் இருந்தால், வேகமாகப் பாதை மாறும்போது முன்பகுதி உடனே திரும்பிவிடும், பின்பகுதி அரை நொடி தாமதித்து அசையும். மழைநாளில் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துகையில் அந்த அரை நொடி போதும், வண்டி சுற்றிவிட. ஒரே அச்சில் இரு வகையையும் கலப்பது இதைவிட மோசம். இரண்டு வழிகள் உங்களுக்கு உண்டு: பின்னால் இப்போதும் ரன்-ஃப்ளாட்டே போட்டுவிட்டு அடுத்த முறை நான்கையும் மாற்றுவது, அல்லது இப்போதே நான்கையும் மாற்றிவிட்டு முன் டயர்களை யாருக்காவது விற்றுவிடுவது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைச் சட்டப்படியே ஓட்டக் கூடாது என்பதால் தள்ளிப்போடவும் இடமில்லை.

நான்கையும் மாற்றிய பிறகு முதல் சில நாட்கள் ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்ந்தது போலத் தோன்றும். இந்தக் கார்களின் சஸ்பென்ஷனை இறுகிய டயருக்கென்றே அமைத்திருப்பதால், நெகிழ்ந்த டயரில் வளைவு எடுக்கும் முதல் கணத்தில் ஒரு சிறு தாமதம் இருக்கும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

கேள்வி: ரன்-ஃப்ளாட் டயரில் ஆணி ஏறிவிட்டது. சர்வீஸ் சென்டரில் புது டயர்தான் போட வேண்டும் என்கிறார்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரோ பத்து நிமிடத்தில் பிளக் வைத்துத் தருகிறேன் என்கிறார். ஆயிரக்கணக்கில் செலவு செய்யத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: காற்று இறங்கிய பிறகு நீங்கள் அந்த டயரை ஓட்டினீர்களா, எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். விளக்கு எரிந்தவுடன் நிறுத்தி, காற்று பாதிக்கு மேல் இருந்த நிலையிலேயே பார்த்துவிட்டீர்கள், ஆணியும் பட்டன் பகுதியின் நடுவில் ஏறியிருக்கிறது என்றால், டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தபின் உள்ளிருந்து காளான் வடிவ பிளக் வைத்து ஒட்டலாம் என்று சில டயர் கம்பெனிகள் அனுமதிக்கின்றன. சில கம்பெனிகள் எந்த நிலையிலும் கூடாது என்கின்றன. வெளியிலிருந்தே கம்பியில் கோத்துத் திணிக்கும் பிளக் இந்த டயருக்கு ஏற்றதன்று, ஏனெனில் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பதை அந்த முறையில் யாரும் பார்ப்பதில்லை.

உள்ளே என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை நேரில் கண்டேன். காற்றில்லாமல் முப்பது கி.மீ. போல ஓட்டிக்கொண்டு வந்த ரன்-ஃப்ளாட் ஒன்றை அவிநாசி சாலையில் ஒரு டயர் கடையில் கழற்றினார்கள். வெளியே கீறல்கூட இல்லை. பார்த்தால் இன்னும் ஒரு வருடம் ஓடும் போல இருந்தது. ரிம்மிலிருந்து பிரித்துச் சாய்த்ததும், உள்ளேயிருந்து மிளகுத்தூள் போல இரண்டு கைப்பிடி கறுப்புத் தூள் சிமெண்ட் தரையில் கொட்டியது. சுவரின் உட்புறத்தில் விரலை வைத்தால், வழவழவென்று இருக்க வேண்டிய இடம் சுற்றிலும் ஒரு பட்டையாகச் சொரசொரத்து, நடுவே இழைகள் தெரிந்தன. அந்த டயரில் பிளக் வைத்து, காற்றடித்து, சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வந்திருக்காது. நெடுஞ்சாலையில் சூடேறிய பிறகே சுவர் வெடித்திருக்கும். எனவே பஞ்சர் கடைக்காரரிடம் முதலில் டயரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தூள் இருந்தால் புது டயர்தான். இல்லையென்றால், அந்த டயர் கம்பெனி ஒட்ட அனுமதிக்கிறதா என்று கேட்டபின் ஒட்டுங்கள். கழற்றுவதற்கும் துணைக்கை உள்ள மெஷின் இருக்கும் கடைக்கே போங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் அந்த இறுகிய சுவரின் விளிம்பு கிழிந்துவிடும், அலாய் ரிம்மிலும் கோடு விழும்.

கேள்வி: சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். ஸ்டெப்னிக்குப் பதிலாக, பஞ்சரே ஆகாது என்று விற்கும் ஜெல்லை நான்கு டயர்களிலும் முன்கூட்டியே ஊற்றி வைக்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். வால்வோடு சென்சார் இருக்கும் சக்கரத்தில் அந்த ஜெல் அதன் துளையை அடைத்துவிடக்கூடும். ஓரிடத்தில் தேங்கினால் பேலன்சிங் கெட்டு ஸ்டீயரிங் நடுங்கும். பிறகு முறையாகப் பஞ்சர் ஒட்டவும் கடைக்காரர் உட்புறத்தை முழுவதும் கழுவ வேண்டியிருக்கும். அவசரத்துக்கு மட்டும் ஊற்றும் சீலன்ட் புட்டியை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் காலாவதித் தேதி இருக்கும், அது கடந்துவிட்டால் மாற்றுங்கள். முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்றால், தயாரிக்கும்போதே உள்ளே ஒட்டும் பசை பூசப்பட்ட டயர்கள் இருக்கின்றன. கான்டினென்டலின் கான்டிசீல் டயர் பட்டன் பகுதியில் 5 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். உங்கள் அளவில் அது கிடைத்தால் அடுத்த முறை வாங்கலாம். அதுவரை காற்றடிக்கும் மெஷினும் பஞ்சர் கிட்டும் போதும். கிட்டை வாங்கி உறை பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். ஒரு பழைய டயரை எடுத்து, வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில், ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போட்டுச் சீவி, பிளக்கைத் திணிப்பது வரை ஒருமுறை கையால் செய்து பாருங்கள்.